நின்றுகொண்டே சாப்பிடுகிறவர் யார்? காலைப் பசியாறலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், காலை 6 மணிக்குச் சன்னலுக்கு வெளியே நல்ல இருட்டு. பள்ளி வேன் 6.30க்கு வந்துவிடும். தோசைக்கல் ஒன்றுதான். மகளுக்கு 2, மகனுக்கு 3, எனக்கு 3, அம்மாவுக்கு 2 என்று பத்துத் தோசை. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றால்கூட 25 நிமிடம் மனைவி அடுப்பை விட்டு நகர முடியாது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கல்லில் ஒட்டிப் பிய்ந்த ஒன்றையும் மகன் மிச்சம் வைத்த பாதியையும் சட்னிப் பாத்திரத்திலேயே தொட்டு நின்றபடி விழுங்கிவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடுவார். பதினொரு வருடம் இதே மேசையில் உட்கார்ந்து நான் சூடாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள் மகள்தான் கேட்டாள்: "அம்மா ஏன் உட்காரவே மாட்டேங்கிறாங்க?"

வீட்டுச் சாப்பாடு, உடற்பயிற்சி, குடும்பம் மூன்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த மூன்றும் யார் தோளில் ஏறுகிறது என்று பார்ப்பதில்லை. நான் கண்ட தவறுகளில் முதலும் பெரியதும் இதுதான். சுடச்சுடப் பரிமாறுவதை அன்பின் அளவுகோலாக வைத்துக்கொண்டால், சமைக்கிறவருக்கு மட்டும் ஆறிப்போனதுதான் கிடைக்கும். அவர் அவசரமாகச் சாப்பிடுவார், அல்லது சாப்பிடாமலே போய் 10 மணிக்கு அலுவலகத்தில் பிஸ்கட்டும் இனிப்புத் தேநீருமாகப் பசியாறுவார்.

எங்கள் வீட்டில் வார நாளில் தோசையை நிறுத்திவிட்டோம். ஒரே ஏற்றத்தில் எல்லாருக்கும் வேகும் பண்டம் எதுவோ அதுதான் வேலைநாளுக்கு ஏற்றது. திங்களும் செவ்வாயும் இட்லி. வியாழன், மாவு கொஞ்சம் புளித்ததும், வெங்காயமும் கேரட்டும் வதக்கிப் போட்டுப் பணியாரம். வெள்ளிக்கிழமை பாசிப்பருப்பு தாராளமாகப் போட்டுக் குக்கரில் வெண்பொங்கல். புதன்கிழமை கடையில் வாங்குகிறோம். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. எல்லா நாளும் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பதை விரதம் போலப் பிடித்துக்கொள்வதும் ஒரு தவறு. ஐந்து நாளில் நான்கு நாள் வீட்டில் சாப்பிட்டாலே பெரிய காரியம்.

மாவு விஷயத்தில் நம் ஊர் வெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு அரைத்து வெளியே வைத்தால், விடிவதற்குள் பாத்திரம் வழிந்து, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். அந்த வேளையில் மேடையைத் துடைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? இப்போது ஞாயிறு மதியம் நான் அரைக்கிறேன். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. ஆறேழு மணி நேரத்தில், இரவுச் சாப்பாட்டு வேளைக்கு, மேற்பரப்பு மெல்ல மேடிட்டிருக்கும். கரண்டியை உள்ளே விட்டால் குமிழிகள் உடையும் சின்னச் சத்தம் கேட்கும். அந்தப் பக்குவத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், வியாழன் வரை கவலை இல்லை.

இட்லி வேகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் மேசை போட்டு, பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிவிடுகிறேன். மனைவி கூடத்தில் உடம்பை வளைத்து நிமிர்த்துகிறார், நாற்காலியைத் தொட்டு உட்கார்ந்து எழுகிறார், சுவரில் கை ஊன்றித் தள்ளுகிறார். வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கட்டணம் கட்டி எங்கும் சேர வேண்டியதில்லை.

உடற்பயிற்சி என்றதும் நாம் செய்யும் தவறு, கடிகாரத்தை இரவல் வாங்குவது. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 5.30க்கு நடைப்பயிற்சி என்று முடிவெடுக்கிறோம். சென்னையில் ஜூன் மாதம் 5.45க்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். கோலாலம்பூரில் அதே மாதத்தில் 7 மணிக்கு மேல்தான் உதயம். பிப்ரவரியில் ஏறக்குறைய 7.30. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து நம் காலை இப்படித்தான் இருட்டில் தொடங்குகிறது. அந்த இருட்டில் நடக்கப் போனால் பசியாறலும் கெடும், தூக்கமும் கெடும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 5.30க்கு எழுப்புகிற பிள்ளையை இரவு 8.30க்குப் படுக்க வைக்க முடிகிறதா என்று பாருங்கள். டியூஷன் வகுப்புகளில் எதை விடலாம் என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

காலை இருட்டுக்கு ஈடாக நமக்கு நீண்ட மாலை இருக்கிறது. 7 மணி வரைக்கும் வெளிச்சம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும் என்கிறார்கள். ஐந்து மாலை, அரை அரை மணி நேரம். நாங்கள் தித்திவங்சா ஏரியைச் சுற்றுகிறோம். இடியோடு மழை பிடித்துக்கொள்ளும் ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாலைகளில் எங்கள் கட்டடத்து மாடிப்படிதான் நடைபாதை.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்பு நான் மட்டும் காலையில் 40 நிமிடம் நடந்தேன். இரத்த அழுத்தம் குறைந்தது, டாக்டர் பாராட்டினார், எனக்கும் பெருமை. அந்த 40 நிமிடத்தில் பிள்ளைகளை எழுப்பியதும் குளிப்பாட்டியதும் சீருடை போட்டுவிட்டதும் மனைவிதான். என் உடல்நலத்துக்காக அவருடைய நேரத்தைக் கேட்காமலே எடுத்திருக்கிறேன். ஜிம்மில் சேரும் கணவர்களும், மாலையில் பந்து விளையாடப் போகிறவர்களும் தயவுசெய்து இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இப்போது திங்கள், புதன் மாலைகளில் அவர் தோழிகளோடு நடக்கப் போகிறார், நான் வீட்டில். மற்ற நாள்களில் எல்லாரும் சேர்ந்து போகிறோம்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வயிற்றை நிரப்பும், புரதம் போதாது. 10 மணிக்கே பசிக்கும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' கணக்கை, அதாவது கால் தட்டு மாவுச்சத்து, கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய் பழம் என்பதை, நாம் மதியச் சோற்றுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். இட்லிக்கும் அது பொருந்தும். இட்லியை இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்தி, முருங்கையோ பூசணியோ நிறையப் போட்ட கெட்டிச் சாம்பார், ஓர் அவித்த முட்டை, ஒரு துண்டு பப்பாளி. சைவக்காரர்களுக்கு, சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே நல்ல வரப்பிரசாதம். மிளகுத்தூள் தூவி வாட்டினால் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

குடிக்கிறதில்தான் நாம் ஏமாறுகிறோம். கெட்டிப்பால் எனப்படும் இனிப்பூட்டிய டின் பாலில் ஏறத்தாழ பாதி எடை சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 10 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. இரண்டு கரண்டி ஊற்றுவதுதான் நம் கைப்பழக்கம். கடையில் விற்கும் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து அரசாங்கம் வரி போடுகிறது. வீட்டில் நாமே கலக்கும் கோப்பைக்கு யார் வரி போடுவது? கடையில் 'தே சி கோசோங்', அதாவது சர்க்கரை போடாத, இனிப்பில்லாத டின் பால் கலந்த தேநீர், கேட்கப் பழகியது போல, வீட்டிலும் பழகலாம். ஒரேயடியாக நிறுத்தினால் யாரும் குடிக்க மாட்டார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்ததில் எங்கள் வீட்டில் சண்டை வரவில்லை. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. அதில் இந்தியர்களின் விகிதம்தான் மற்ற இனத்தாருடையதைவிட அதிகம்.

சர்க்கரை நோய்க்குச் சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடப்பது ஆபத்தான தவறு. ஒரு ஞாயிறு அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டு, "வந்து பசியாறிக்கொள்கிறேன்" என்று எங்களோடு ஏரிக்கு வந்துவிட்டார். பாதிச் சுற்றில் கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை, பேச்சில் தடுமாற்றம். பெஞ்சில் உட்கார வைத்து இனிப்புப் பானம் கொடுத்ததும் தெளிந்தார். கிளிக்ளசைடு போன்ற சில மாத்திரைகள், சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கவனம் தேவை. எந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 999.

வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிறன்று பத்துமலையின் 272 படியை ஏறி இறங்கியதும் கணக்குத் தீர்ந்தது என்று மாமாக் கடைக்குள் (இந்திய முஸ்லிம் உணவகம்) நுழைவதும் நம் வழக்கம். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் ஒன்றில் சுமார் 300 கலோரி. அரை மணி வேகநடையில் எரிவது ஏறக்குறைய அதில் பாதி. சாப்பிட ஆசையாக இருந்தால் ஆசைக்காகச் சாப்பிடுங்கள், படியேறியதற்குக் கூலியாக வேண்டாம்.

தோசை எங்கள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. சனிக்கிழமைக்கு அது. அன்று பள்ளி வேன் இல்லை. மகனுக்குப் பத்து வயது. முக்காலி போட்டு என் பக்கத்தில் நின்று, ஓரம் எழும்பும் வரை பொறுமையாகக் காத்திருந்து திருப்பிப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். முதல் தோசை வடிவம் கெட்டுத்தான் வரும், அதை நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, ஓரம் முறுகியது, ஆவி அடங்குவதற்குள் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மாவின் தட்டுக்குப் போகிறது.