இடுப்பு வலி போன பிறகும் குனியப் பயமா? மறுபடி சுமை தூக்கப் பழகும் முறை

எங்கள் மளிகைக் கடையில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கித் திரும்பியபோது இடுப்பில் சுளீரென்றது. மூன்று வாரத்தில் வலி பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் எட்டு மாதம் நான் ஒரு மூட்டையையும் தொடவில்லை. கீழே விழுந்த சாவியைக்கூடக் கடைப் பையன்தான் எடுத்துக் கொடுத்தான். இடுப்பு பெல்ட் இல்லாமல் கல்லாவில் உட்கார மாட்டேன். அந்த எட்டு மாதத்திலிருந்து வெளியே வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடை

இரண்டு கால்களும் வலுவிழப்பது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது என்றாலும் டாக்டரைப் பார்த்த பிறகே மற்றவை.

படி 1: ஸ்கேன் தாளை மடித்து வையுங்கள்

"டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இனி குனியாதீர்கள்" என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்த ஒரு வரி மூட்டையைவிடக் கனம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 40 வயதில் பாதிப் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தலை நரைப்பதைப் போலத்தான் இதுவும். காலுக்கு இறங்கும் வலி இருந்தால் கதை வேறு. அதற்கு டாக்டரின் பேச்சைக் கேளுங்கள்.

படுத்தே கிடப்பதும் உதவவில்லை. ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களிடம் நடந்த சோதனை 1995-இல் வெளிவந்தது. புதிதாக முதுகு வலி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுத்திருந்தார்கள், ஒரு பகுதியினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள், மீதிப் பேர் முடிந்தவரை வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தார்கள். சீக்கிரம் தேறியவர்கள் கடைசியாகச் சொன்னவர்கள்தான்.

படி 2: பயத்துக்கு மதிப்பெண்

ஒரு நோட்டு எடுங்கள். நீங்கள் தவிர்க்கும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு என்று 0 முதல் 100 வரை போடுங்கள். வலி எவ்வளவு என்று எழுத வேண்டாம். என் பட்டியல்: செருப்பு வார் மாட்டுவது 20, கீழ்த் தட்டிலிருந்து பருப்புப் பொட்டலம் எடுப்பது 45, தண்ணீர் கேன் தூக்குவது 75, அரிசி மூட்டை 95.

ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர் கோர்டன் வாடெல் 1993-இல் இதற்காகவே 16 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார். வேலைதான் முதுகைக் கெடுக்கிறது என்ற அச்சம் வலியின் கடுமையைத் தாண்டியும் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவதோடு தொடர்புள்ளது என்று அவர் கண்டார். எனக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. 'எல்லாம் மனப்பிரமை என்கிறார்களா?' என்று தோன்றியது. இல்லை. வலி நிஜம். பயந்தவன் குனியும்போது மூச்சைப் பிடித்து முதுகைக் கட்டையாக்கிக்கொள்கிறான், மாதக்கணக்கில் குனியாததால் தசை தளர்கிறது, பிறகு சாவி எடுப்பதும் நிஜமாகவே வலிக்கிறது. "பார்த்தாயா, சொன்னேனே" என்கிறது பயம்.

படி 3: என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதுங்கள்

பட்டியலில் கீழே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். செய்த பிறகும் மறுநாள் காலையும் நடந்ததை எழுதுங்கள்.

கேனின் முறை வந்தபோது, 20 லிட்டர் கேனில் 5 லிட்டர் மட்டும் ஊற்றிக்கொண்டேன். நோட்டில்: "தூக்கினால் சுளீரென்று பிடிக்கும், நாளை கடை திறக்க முடியாது. நிச்சயம் 80%." குனிந்ததும் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் நின்ற பிசியோதெரபிஸ்ட், "மூச்சை விடுங்கள் அண்ணா, கேன் ஓடிவிடாது" என்றார். மூச்சு விட்டேன், தூக்கினேன், வைத்தேன். மறுநாள் எழுதியது: "லேசான இறுக்கம். ஆறு மணிக்குக் கடை திறந்தேன்." அடுத்த முறை 80% என்று எழுதக் கையே வரவில்லை; 50 போட்டேன்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் காப்பாற்றியது பெல்ட்தான் என்று மனசு கணக்கு எழுதிவிடும்.

படி 4: எண்ணிக்கையை வலியிடம் விடாதீர்கள்

சிரமமில்லாமல் ஐந்து தடவை தூக்க முடிந்தால் நான்கில் தொடங்குங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒன்று கூட்டுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் அதே எண்ணிக்கைதான். நான் ஒரு ஞாயிறு உற்சாகத்தில் நாலு கேன் நிறையத் தூக்கி, இரண்டு நாள் முனகினேன். ஒரு நாளில் அடங்கும் வலி பரவாயில்லை. அடங்காவிட்டால் ஒரு படி இறங்குங்கள்.

படி 5: சுமையின் கணக்கு தனி

பயம் போனதால் எடை குறைந்துவிடாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய சூத்திரத்தில், எல்லாம் வசதியாக அமைந்தாலும் பரிந்துரைக்கும் எடை 23 கிலோ. நம் அரிசி மூட்டை 25, சிமெண்ட் மூட்டை 50. தினக்கூலிக்கு நாள் முழுதும் சிமெண்ட் சுமப்பவரிடம் போய் "பயப்படாதே" என்பது அறிவுரை ஆகாது. அவருக்கு வேண்டியது தள்ளுவண்டியும் இன்னொரு ஆளும்.

என் நோட்டில் அரிசி மூட்டைக்கு நேரே இப்போது 30 என்று இருக்கிறது. தனியாகத் தூக்கியும் பார்த்துவிட்டேன். ஆனாலும் லோடு வரும் செவ்வாய்க்கிழமைகளில் நானும் பையனும் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் இறக்குகிறோம்.