விலங்கு டாக்குமெண்டரி பாத்து கலங்குறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

விலங்கு டாக்குமெண்டரி பாத்து அழறதுல தப்பே இல்ல, நானும் அழற ஆளுதான். ஆனா நம்மள அழ வெச்சது அந்த விலங்கா இல்ல மியூசிக்கான்னு பாக்காம விட்டுடுறோம், அங்கதான் சறுக்குது.

செத்துக் கெடக்குற குட்டி பக்கத்துல தாய் நிக்குற சீன் வந்தா ஒருதடவ சவுண்ட மியூட் பண்ணிட்டு பாருங்க, வேற மாதிரி தெரியும். காலடி சத்தம், மெல்லுற சத்தம்லாம் கூட பெரும்பாலும் அங்க பதிவானது இல்ல, ரொம்ப தூரத்துல இருந்து பெரிய லென்ஸ் போட்டு எடுக்குறாங்க, அவ்ளோ தூரத்து சத்தம் மைக்ல விழாது, அதனால பின்னாடி ஸ்டூடியோல செஞ்சு சேக்குறாங்க.

அடுத்தது, பாக்குறது எல்லாம் ஒரே விலங்கோட கதைன்னு நம்புறது. 2016ல வந்த பிளானட் எர்த் 2ங்கற பிபிசி தொடர்ல இகுவானான்னு பெரிய பல்லி மாதிரி ஒண்ணோட குட்டி பாம்புங்க கிட்ட இருந்து தப்பிச்சு ஓடுமே, கலாபகோஸ் தீவுல எடுத்தது, அது ஒண்ணுக்கு மேல குட்டிங்கள எடுத்து சேத்த எடிட்டிங். இத ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், பாம்பு துரத்துனது நெஜம்தான். 1958ல வந்த ஒயிட் வைல்டர்னஸ்ங்கற டிஸ்னி டாக்குமெண்டரி அப்படி இல்ல. லெம்மிங்னு எலி மாதிரி ஒரு சின்ன பிராணி, அதுங்க கூட்டமா தண்ணில குதிச்சு சாகுதுன்னு காட்டுனாங்க, உண்மையில வெளிய இருந்து வாங்கிட்டு வந்து கனடாவுல மேட்டுல இருந்து தள்ளி விட்டு எடுத்தது, 1982ல கனடா டிவி நிகழ்ச்சி ஒண்ணு அத வெளிய கொண்டு வந்துச்சு. அந்தப் படத்துக்கு ஆஸ்கார் கெடச்சது, லெம்மிங் தற்கொலை பண்ணிக்கும்னு இன்னிக்கும் நம்புறாங்க, அந்தப் பிராணிய நெனச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கழுதைப்புலிய வில்லனா பாக்குறதையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. தான்சானியாவோட கோரோங்கோரோல அதுங்க தின்னுறதுல பெரும்பகுதி தானே வேட்டையாடுனது, அத சிங்கம் வந்து புடுங்கித் தின்னுறது அங்க சாதாரணம். படத்துல மட்டும் சிங்கம் வந்தா கம்பீர மியூசிக், கழுதைப்புலி வந்தா திருட்டு மியூசிக்.

அப்புறம், கேமராமேன் பாத்துக்கிட்டே நிக்குறானே, கல்நெஞ்சக்காரன்னு திட்டாதீங்க. சிறுத்தை துரத்துற மானை காப்பாத்திட்டா அந்த சிறுத்தையோட குட்டிங்க அன்னிக்கு பட்டினி. 2018ல வந்த ஒரு பிபிசி தொடருக்காக அண்டார்டிகாவுல படம் எடுத்தவங்க, பனிப்பள்ளத்துல குஞ்சுங்களோட மாட்டிக்கிட்ட பெங்குவின்களுக்கு பனிய வெட்டி ஒரு சரிவு மட்டும் போட்டுக் குடுத்தாங்க. அதுல யாரோட இரையும் பறிபோகல. யாரும் தூக்கி விடல, அதுங்களே ஏறி வெளிய வந்துச்சு.