ஃபயர் அலாரம் பேனலுக்குப் புரோகிராம் போடுவது எப்படி

மதுரை மாசி வீதிகளில் பார்க்கிற மாதிரி நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். கீழே பில் கவுன்ட்டர், நடுவில் விற்பனை, உச்சியில் குடோன், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. 2020 தீபாவளி இரவில் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். துணி எரிகிற இடத்தில் தகவல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் எல்லாமே. அதனால் இந்த வேலையை ஏனோதானோ என்று செய்யாதீர்கள்.

டிடெக்டர்கள் சொல்வதைக் கேட்டு அலாரம் கொடுக்கிற பெட்டிதான் பேனல். அதன் கீபேடைத் தொடும் முன் ஒரு பெரிய தாளை எடுங்கள். இடது பக்கம் வரிசையாக என்னென்ன நடக்கலாம் என்று எழுதுங்கள்: குடோன் ஸ்மோக் டிடெக்டர், சமையலறை ஹீட் டிடெக்டர், படிக்கட்டில் உள்ள மேனுவல் கால் பாயின்ட் (தீயைப் பார்த்தவர் கையால் அழுத்துகிற பெட்டி). மேலே குறுக்காக என்னென்ன இயங்க வேண்டும்: எந்த மாடி ஹூட்டர் (அலறுகிற சைரன்), ஏசி நிற்க வேண்டுமா, லிஃப்ட் தரைத்தளத்துக்கு வர வேண்டுமா. எது எதை இயக்கும் என்று கட்டத்தில் டிக் போட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். இதைத்தான் காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட் என்கிறோம், பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். மாடிக்கு ஒரு ஜோன், படிக்கட்டுக்குத் தனி ஜோன் என்று பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டு மாடியை ஒரே ஜோனில் போட்டால் ஆள் எந்த மாடிக்கு ஓடுவது?

அப்புறம் வயர். மெகர் (அதிக வோல்ட் கொடுத்து வயர் இன்சுலேஷனைச் சோதிக்கிற கருவி) அடிப்பதாக இருந்தால் டிடெக்டர், பேனல் இரண்டையும் கழற்றிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். ஹூட்டர் சர்க்யூட்டில் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் கடைசி ஹூட்டரில்தான் இருக்க வேண்டும், வயர் அறுந்ததா என்று பேனல் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். பேனல் டெர்மினலிலேயே அதை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, வயர் அறுந்தாலும் பேனல் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும், இதை நான் மன்னிக்கவே மாட்டேன். மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும், மேனுவலைப் பாருங்கள். 4.7 கிலோ ஓம் என்றால் ரெசிஸ்டர் மேல் நிறக் கோடுகள் மஞ்சள், ஊதா, சிவப்பு. 10 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. கடைசி ஹூட்டரில் ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள், பேனல் ஃபால்ட் காட்டியே ஆக வேண்டும்.

அட்ரஸ், அதாவது ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி நம்பர், போடும்போது டிப் சுவிட்ச் (வரிசையாக உள்ள குட்டி சுவிட்சுகள்) உள்ள டிடெக்டர் என்றால் அவற்றின் மதிப்பை 1, 2, 4, 8, 16, 32, 64 என்று கூட்டிக்கொள்ளுங்கள், 21 வேண்டுமென்றால் 16, 4, 1 மூன்றையும் ஆன் செய்ய வேண்டும். ஒரே நம்பரை இரண்டுக்குப் போட்டுவிடாதீர்கள். நம்பர் ஸ்டிக்கரை டிடெக்டர் தலையில் மட்டுமல்ல, கூரையிலேயே இருக்கிற பேஸிலும் ஒட்டுங்கள், ஏனென்றால் தூசி துடைக்க எல்லாவற்றையும் கழற்றி மேசையில் குவிக்கிற பையன் எது எங்கே இருந்தது என்று பார்க்க மாட்டான், மாற்றி மாட்டினால் குடோனில் புகை வரும்போது பேனல் பில் கவுன்ட்டர் என்று சொல்லும். ஆட்டோ லேர்ன் கொடுத்தால் பேனல் எல்லா டிடெக்டரையும் தானே கண்டுபிடித்துவிடும், ஆனால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெயரை நீங்கள்தான் போட வேண்டும். 'ஜோன் 4' என்று விடாமல் 'மூணாவது மாடி பட்டு குடோன்' என்று கடைக்காரர்கள் சொல்கிற பெயரையே போடுங்கள். திரையில் ஆங்கில எழுத்துதான் வரும் என்றால், ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் படிக்கும்படி தமிழில் ஒரு பட்டியல் எழுதிப் பேனல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இனி லாஜிக். மேனுவல் கால் பாயின்டை ஒருவர் அழுத்தினால் எந்தத் தாமதமும் இல்லாமல் எல்லா ஹூட்டரும் அலற வேண்டும், அதில் டிலே வைக்கவே கூடாது. டிடெக்டருக்கு வேண்டுமானால் வெரிஃபிகேஷன் வைக்கலாம்: ஒரு தடவை புகை கண்டதும் பேனல் அதை ரீசெட் செய்து, மறுபடியும் புகை காட்டினால்தான் அலாரம் கொடுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் சாம்பிராணி போடுவார்கள், அன்றைக்கெல்லாம் அலாரம் அடிக்கிறது என்று அந்த ஜோனையே டிஸேபிள் செய்துவிட்டு மறந்துபோவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாமி படத்துக்கு நேர் மேலே இருக்கிற ஸ்மோக் டிடெக்டரைத் தள்ளி வையுங்கள், அல்லது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஹீட் டிடெக்டர் போடுங்கள். தாளிப்புப் புகை வருகிற சமையலறைக்கும் ஹீட் டிடெக்டர்தான். கம்ப்யூட்டர் அறையில் தீயை அணைக்கிற கேஸ் சிலிண்டர் இருந்தால் இரண்டு டிடெக்டர் சேர்ந்து சொன்னால்தான் கேஸ் ரிலீஸ் ஆகும்படி போடுங்கள். அந்த வேலை நடக்கும்போது சாஃப்ட்வேரில் டிஸேபிள் செய்தது போதாது, சிலிண்டரைத் திறந்துவிடுகிற ஆக்சுவேட்டரையே கழற்றி வையுங்கள்.

ஹூட்டரில் பிளஸ் மைனஸ் மாறினால் தீ நேரத்தில் சத்தமே வராது. ஒன்றுக்கு 50 மில்லி ஆம்பியர் என்றால் பத்து ஹூட்டருக்கு அரை ஆம்பியர், அதை அந்த சர்க்யூட் தாங்குமா என்று பாருங்கள். பேட்டரி கணக்கும் இப்படித்தான். சும்மா இருக்கும்போது கால் ஆம்பியர் என்றால் 24 மணி நேரத்துக்கு 6 ஆம்பியர் ஹவர், அலாரத்தில் 1.2 ஆம்பியர் வீதம் அரை மணி நேரத்துக்கு 0.6, ஆக 6.6. பேட்டரி பழசாகும் என்பதால் கால் பங்கு கூட்டினால் 8.25, அதனால் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி பற்றாது, 12 வாங்குங்கள். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட்.

டெஸ்ட் செய்யும்போது கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெயினை ஆஃப் செய்து பேட்டரியிலேயே ஓடவிட்டு, டெஸ்ட் ஸ்ப்ரேயால் ஸ்மோக் டிடெக்டர் ஒவ்வொன்றையும் எழுப்புங்கள், ஹீட் டிடெக்டருக்கு ஹேர் டிரையர் போதும். ஒருவர் பேனல் முன்னால், ஒருவர் மாடியில், கையில் அந்தச் சார்ட். டிக் போட்ட எல்லாம் நடந்ததா, டிக் போடாத எதுவும் நடக்காமல் இருந்ததா, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பேனல் கடிகாரத்தைச் சரியாக வைத்து, டிஸேபிளில் எதுவும் இல்லை என்று பார்த்து, புரோகிராம் காப்பியைப் பென்டிரைவில் போட்டு, பாஸ்வேர்டோடு முதலாளி கையிலேயே கொடுத்துவிடுங்கள்.