சொன்ன நாளில் வராதவர்களிடம் வீட்டு வேலையை முடித்து வாங்குவது எப்படி?

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடுவேங்க."

எங்கள் குளியலறை டைல்ஸ் வேலை நடந்தபோது இதைத் தொடர்ந்து பதினொரு நாள் கேட்டேன். பாதிச் சுவரில் டைல்ஸ், மீதியில் வெறும் பூச்சு. பைப் வாயில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். பிரித்துப் போட்ட சிமெண்ட் மூட்டை ஈரம் பட்டுக் கல்லாகிவிட்டது. வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. இப்படிச் சொல்லிவிட்டு வராத டைல்ஸ்காரரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: முதல் வாரத்திலேயே கூலியில் முக்கால் பங்கை நான் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வருவதற்கான காரணத்தை நானே எடுத்துவிட்டேன்.

முதன்முறையாக வீட்டில் வேலை வைப்பவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் வருவதில்லை?

தனியாக வேலை செய்பவர்களில் பலர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு வீடுகளில் வேலை எடுத்திருப்பார்கள். அடுத்த மாதம் வேலை இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். உங்களிடம் முன்பணம் வாங்கியதும் உங்கள் வேலை "கையில் இருக்கும் வேலை" ஆகிவிடும். அதன்பின் எந்த வீட்டில் பாக்கி அதிகமோ, அங்கேதான் போவார்கள்.

எல்லாத் தாமதமும் ஏமாற்று அல்ல. புதுப்பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். அது நன்றாகக் காய்ந்து பெயிண்ட் அடிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். "ஈரம் காயட்டும்" என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பலாம். காயாத சுவரில் பட்டி பார்க்க (பெயிண்டுக்கு முன் சுவரை மழமழப்பாக்கப் பூசுவது) அவசரப்படுபவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

படி 1: பழைய வேலையை நேரில் பாருங்கள்

போனில் காட்டும் படங்கள் போதாது. அவர் செய்து ஒரு வருடமாவது ஆன வேலை ஒன்றைப் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். எத்தனை நாளில் முடிப்பதாகச் சொன்னார், எத்தனை நாளில் முடித்தார்? வேலை முடிந்தபின் ஏதாவது கோளாறு என்று கூப்பிட்டபோது வந்தாரா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

முடிந்தால் ஒரு குழாய் மாற்றுவது, ஒரு கதவைச் சரிசெய்வது என்று சின்ன வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய வேலையைக் கொடுங்கள்.

படி 2: எழுதி வையுங்கள்

"குளியலறைக்கு டைல்ஸ் போடணும்" என்று வாய்வார்த்தையாகப் பேசினால் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். பழைய டைல்ஸை உடைப்பது யார்? இடிபாட்டை வெளியேற்றுவது யார்? நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இதில் சேர்த்தியா? இடைவெளி அடைப்பது, வாசற்படிக் கல் வைப்பது? எழுதாத ஒவ்வொன்றும் பிறகு "அது தனிங்க" என்று வந்து நிற்கும்.

ஒரு பக்கம் போதும். என்னென்ன வேலை, பொருள் வாங்குவது யார், எந்தத் தரம், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், கூடுதல் வேலை வந்தால் கூலியை எப்படிப் பேசுவது. இதை அவருடைய போனுக்கே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுவதை அவமரியாதையாக நினைப்பவர்கள் உண்டு. "எனக்கு ஞாபகம் இருக்காதுண்ணே, அதுக்காகத்தான்" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படி 3: பணம் வேலைக்குப் பின்னால் போகட்டும்

இந்த ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்தால் மற்ற தவறுகளைச் சமாளித்துவிடலாம். கூலியைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். இப்போது ஒரு குளியலறைக்கு நான் பிரிப்பது இப்படி:

- தொடங்கும்போது 10 சதவீதம்
- உடைத்து, பைப் பதித்து, கசிவு இல்லை என்று சோதித்தபின் 20
- தரையில் தண்ணீர் தேக்கிக் கசிவு இல்லை என்று பார்த்தபின் (எப்படி என்று படி 4-இல்) 20
- டைல்ஸ் முழுக்கப் போட்டபின் 35
- எல்லாம் முடிந்து ஒரு வாரம் புழங்கிப் பார்த்தபின் 15

அளவுகள் உங்கள் வேலைக்கேற்ப மாறலாம். மீதி வேலையை வேறொருவர் வந்து முடிக்க எவ்வளவு ஆகுமோ, அதைவிடக் குறைவாக உங்கள் கையில் பணம் இருக்கக்கூடாது. "ஆளுக்குக் கூலி கொடுக்கணும்" என்று நடுவில் கேட்டால், அதுவரை நடந்த வேலையை அளந்து அதற்கு மட்டும் கொடுங்கள். பொருளுக்குக் கையில் பணம் கொடுக்காதீர்கள். பட்டியல் வாங்கி நீங்களே வாங்கிப் போடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கட்டம் முடிந்தால் அன்று மாலையே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். முடிந்த வேலைக்கு இழுத்தடிக்கிற வீட்டுக்கு நல்ல ஆளும் வரமாட்டார். தினம் ஒரு மாற்றம் சொல்வதும் அவருடைய நாளை வீணாக்கும்.

படி 4: மூடுவதற்கு முன் பாருங்கள்

சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைபவைதான் பின்னால் அழவைக்கும். பைப் பதித்ததும் சுவரை மூட விடாதீர்கள். பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் சில மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பைப்பும் வயர் குழாயும் போகும் பாதையை, பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது உதவும்.

கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், வடிகால் வாயை அடைத்துத் தரையில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிறுத்துங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் குறியுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் அப்படியே விடுங்கள். ஆவியாகிப் போவது மிகச் சொற்பம்தான். கோட்டைவிட்டுத் தெளிவாக இறங்கினாலோ, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸ் ஒட்ட அனுமதிக்காதீர்கள்.

கலவையையும் கவனியுங்கள். தண்ணீர் ஊற்றிக் குழைத்த சிமெண்ட் கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் நிறுத்தச் சொல்லுங்கள். அதில் பலம் இருக்காது.

டைல்ஸ் ஒட்டி ஓரிரு நாள் கழித்து நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டியது கணீரென்று கேட்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் பொத்தென்று வரும். தரையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினால் வாட்டம், அதாவது வடிகாலை நோக்கிய சரிவு, சரியா என்று தெரிந்துவிடும்.

படி 5: ஆளைக் காணோம் என்றால்

முந்தின நாள் மாலையே போன் செய்யுங்கள். "எப்ப வருவீங்க?" என்று கேட்டால் "வரேன்" என்றுதான் பதில் வரும். "நாளைக்கு எந்த வேலை முடியும், என்ன பொருள் வாங்கி வைக்கணும்?" என்று கேளுங்கள். உண்மையிலேயே வரப்போகிறவர் பட்டியல் சொல்வார்.

ஒரு நாள் வராவிட்டால் போன். இரண்டாம் நாள், வராத தேதிகளையும் மீதி வேலையையும் எழுதிச் செய்தி. மூன்றாம் நாள், அவரை உங்களுக்கு அறிமுகம் செய்தவர் மூலம் பேசுங்கள். கத்த வேண்டாம். "உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, செஞ்ச வேலைக்குக் கணக்கு முடிச்சுக்கலாம்" என்று ஒரு தேதி குறித்துச் சொல்லுங்கள். அந்தத் தேதியை மட்டும் நகர்த்தாதீர்கள்.

படி 6: ஆளை மாற்றுவது

நடந்த வேலையைப் படம் எடுத்து, கணக்கை முடித்து, சாவியையும் மீதிப் பொருளையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடித்துக்கொள்ளப்பட்டதை எழுத்தில் அனுப்புங்கள். புதிதாக வருபவர் பழைய வேலை எல்லாமே தப்பு என்பார். எதை எடுக்க வேண்டும், ஏன் எடுக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மின் இணைப்பு, எரிவாயுக் குழாய் இரண்டையும் உரிமம் உள்ளவரைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டாம் நாள் வந்தவர் பையைக் கீழே வைத்ததும் ஒரு நாணயத்தை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பொத்தென்று கேட்ட ஒவ்வொரு டைலிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதை மட்டும் பெயர்த்தார், மற்றதைத் தொடவில்லை. தரைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, "நாளை மறுநாள் காலையில கோட்டைப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க, தண்ணி இறங்காம இருந்தா மட்டும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் பணம் கேட்காமல் கிளம்பினார்.