மதுரைப் பக்கம் வறட்சி தாங்கும் மரங்கள்: எதை, எங்கே, எப்போது நடுவது?

மதுரையைச் சுற்றி இப்போது ஊருக்கு வெளியேதான் வீடு கட்டுகிறோம். பெருங்குடி, நாகமலைப் புதுக்கோட்டை, ஊமச்சிகுளம், திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் பொட்டல் ப்ளாட், நடுவில் புது வீடு, சுற்றிலும் மொட்டை வெயில். குடியேறிய கையோடு எல்லோரும் கேட்பது, "தண்ணி அதிகம் கேட்காத மரம் எது?" என்பதுதான்.

கேள்வி சரி, ஆனால் பாதிதான் கேட்கிறார்கள். தண்ணீர் கேட்காத மரமெல்லாம் நிழல் தந்துவிடாது. வறட்சியைச் சமாளிக்கப் பல மரங்கள் செய்வது ஒன்றுதான்: இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்பது. மரம் பிழைத்துக்கொள்ளும். நமக்கு நிழல் வேண்டிய பங்குனி, சித்திரையில் வெறும் குச்சியாக நிற்கும். அதனால் கோடையில் இலையோடு நிற்கிற மரம் எது, பூவோடு நிற்கிற மரம் எது என்று பிரித்துப் பார்த்து நட வேண்டும். முன்னது நிழலுக்கு, பின்னது அழகுக்கு.

இன்னொன்று. நம் ஊர் பாலைவனம் இல்லை. மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவில் மழை பெய்கிறது, 250 மி.மீ.க்குக் கீழே போனால்தான் பாலைவனம் என்பார்கள். நம் சிக்கல், அந்த மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுவது. தை பிறந்தால் பங்குனி வரை வானம் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியைத் தாண்டுகிற மரம் கிடைத்தால் போதும்.

1. கோடையில் ஊரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

நர்சரிக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் உங்கள் ஏரியாவிலேயே நடந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாத மரங்களை மட்டும் கவனியுங்கள்: கண்மாய்க்கரை, ரோட்டோரம், பள்ளிக்கூட மைதானம், கோயில் வாசல். எந்த மரத்தடியில் ஆடு படுத்திருக்கிறது, எதன் கீழே ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் வேம்பும் புங்கையுமாகத்தான் இருக்கும்.

2. மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்

மேலூர், அழகர்கோயில் பக்கம் பெரும்பாலும் செம்மண். திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டினால் கரிசல். சில ப்ளாட்டுகளில் மேலே அரை அடிதான் மண், கீழே சுக்கான் கல்.

ஒரு கடப்பாரையை எடுத்து, மரம் வைக்க நினைக்கும் இடத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி போடுங்கள். சாயங்காலம் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காலையில் பாருங்கள். வற்றியிருந்தால் பிரச்சினை இல்லை. தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் பாறையோ இறுகிய களிமண்ணோ இருக்கிறது. அங்கே வேம்பு வைக்காதீர்கள். வறட்சியை எவ்வளவு தாங்குமோ அதற்கு நேர்மாறாக, வேரில் தண்ணீர் தேங்கினால் அது சுணங்கிப் போகும். அடியில் சுக்கான் படிவமாக இருந்தால் கடப்பாரையால் அதை உடைத்துக் கீழே வழி விட்டால்தான் எந்த மரத்துக்கும் ஆணிவேர் இறங்கும்.

போர்த் தண்ணீர் உப்பா என்பதற்கு லேப் தேவையில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர்தான் என்றால் பூவரசும் புங்கையும் தாங்கும். ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். இருக்கிற உப்பெல்லாம் சேர்ந்து வருகிற தண்ணீர் அது. ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

3. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது?

இதைப் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். வெயில் தெற்கிலிருந்து வரும் என்று தெற்குப் பக்கம் மரம் வைப்பார்கள். மார்கழிக்கு அது சரி. ஆனால் மதுரை இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு அட்சரேகையில். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். அங்கிருந்து ஆவணி வரை அது நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும், வடமேற்கில்தான் மறையும். கத்திரி வெயிலில் சுவரைச் சுடவைப்பது மேற்கும் வடமேற்கும்தான். ராத்திரி பத்து மணிக்குத் தொட்டாலும் சூடாக இருக்கிற சுவர் எதுவோ, அந்தப் பக்கம்தான் முதல் மரம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான் வரும். நிழலுக்காக மேற்கே வைக்கிற மரம் காற்றுக்கும் தாங்க வேண்டும். குல்மோகர், மரமல்லி, வாகை, முருங்கை எல்லாம் கிளை முறியும் சாதி. மேற்கே வேம்பு, புங்கை, மகிழம், இடம் இருந்தால் இலுப்பை, இவைதான் சரி.

தூரமும் முக்கியம். பெரிய மரம் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும்; சின்ன மரத்துக்கு 8 முதல் 10 அடி. செப்டிக் டேங்கையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒட்டி எதுவும் வேண்டாம். மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிடுங்கள்.

4. இப்போது மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்

*நிழலுக்கு:* ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் நான் புங்கை என்றுதான் சொல்வேன். மாசியில் இலை கொட்டும், ஆனால் மொட்டையாக நிற்பது கொஞ்ச நாள்தான். ஒரு சொட்டு மழை இல்லாத பங்குனியில், பளபளவென்று வெளிர்பச்சைத் தளிர் முழு மரத்தையும் மூடிவிடும். சித்திரை, வைகாசியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, அடியில் பொரி சிந்தின மாதிரி கிடக்கும். கார் நிறுத்துகிற இடத்தில் மட்டும் வேண்டாம். கண்ணாடி முழுக்கப் பூ ஒட்டும். பயறு வகைக் குடும்பம் என்பதால் காற்றில் உள்ள நைட்ரஜனை வேர் முடிச்சில் சேர்த்து மண்ணையும் தேற்றும். இலையில் சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம். பார்க்க அசிங்கம், மற்றபடி மரத்தை ஒன்றும் செய்யாது.

வேம்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூவரசு வருடம் முழுக்க இலையோடு நிற்கும். ஆனால் பெரிய போத்து (கிளைத் துண்டு) வெட்டி நடாதீர்கள், சீக்கிரம் துளிர்க்கிறதே என்று ஆசையாக இருக்கும். போத்தில் வளர்ந்ததற்கு ஆணிவேர் கிடையாது. வறண்ட இடத்துக்கு விதையில் வந்த கன்றுதான் வேண்டும். இலுப்பை நடுகிறவர்கள் அடுத்த தலைமுறைக்கு நடுகிறார்கள். மகிழம் மெதுவாக வளரும், நிழல் அடர்த்தியாக இருக்கும், பூ வாசனை கேட்கவே வேண்டாம். ஆனால் முதல் சில கோடைக்குத் தண்ணீர் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வையுங்கள்.

கரிசக்காட்டில் வீடு கட்டியவர்கள் உசிலையைப் பாருங்கள். உசிலம்பட்டிக்குப் பேர் கொடுத்த மரம், தலைக்குத் தேய்க்கிற அரப்பு அதன் இலைதான். நிழல் கொஞ்சம் சல்லடை நிழல். ஆனாலும் எந்த வறட்சிக்கும் அசையாது.

*அழகுக்கு:* சரக்கொன்றை வையுங்கள். இலை உதிர்த்து, சித்திரையில் மஞ்சள் சரமாகத் தொங்கும். அதன் கீழ் உட்கார நினைக்காதீர்கள், எதிரே உட்கார்ந்து பாருங்கள். விதை போட்டால் லேசில் முளைக்காது. மேல்தோல் கல் மாதிரி இருக்கும். விதையின் ஒரு ஓரத்தை அரத்திலோ சொரசொரப்பான தரையிலோ தேய்த்து, உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்தி, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியிருக்கிற விதையை மட்டும் நட்டால் போதும்.

கரண்ட் கம்பிக்குக் கீழே வைக்க ஆத்தி நல்லது, சோழர்கள் சூடிய பூ. மஞ்சணத்தியை யாரும் நர்சரியில் கேட்டு வாங்குவதில்லை, தானாக முளைத்தாலும் பிடுங்கிப் போடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேலி ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பச்சையாக நின்று, மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ பூக்கிற சின்ன மரத்துக்கு இவ்வளவு அலட்சியம் ஆகாது. அரளியும் மஞ்சள் அரளியும் எதையும் தாங்கும், ஆனால் விஷம். சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

*வேண்டாதவை:* வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறவர்கள், "அங்கே ரோட்டோரம் பச்சைப் பசேலென்று வெட்டி விட்டிருப்பார்களே, அந்த மரம்" என்று கேட்பார்கள். அது கோனோகார்பஸ். வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் தேடிப் போகும். குஜராத் அரசு 2023-இல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. உண்மையான பாலைவன மரம் வேண்டுமென்றால் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரத்தையே வையுங்கள்: நம் வன்னிதான் அது. விருத்தாசலம் கோயிலின் தலமரம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், முள்ளும் உண்டு.

ஆல், அரசு, தூங்குமூஞ்சி மூன்றும் வீட்டுக்கு ஆகாது. நெட்டிலிங்கம் நிழலே தராது. கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊர் என்பதால் கடம்பம் நட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அது ஈரம் தேடும் மரம், பொட்டலில் வைத்து வதைக்க வேண்டாம்.

5. கன்று வாங்கும்போது

வனத்துறை நாற்றங்காலிலும் தனியார் நர்சரிகளிலும் வேம்பு, புங்கைக் கன்று சுலபமாகக் கிடைக்கும். உயரமான கன்றாகப் பார்த்துக் கை போகும், அங்கேதான் நிதானிக்க வேண்டும். கவரைத் தூக்கி அடியைப் பாருங்கள். தடித்த வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால், அது ரொம்ப நாளாக அங்கேயே கிடக்கிறது. உள்ளே வேர் சுருண்டிருக்கும். இரண்டு மூன்று அடி உயரம், தண்டு தடிமனாக, கவருக்குள் ஆடாமல் நிற்கிறதாகப் பார்த்து வாங்குங்கள்.

கன்றே வாங்காமல் வேலை முடிக்கவும் வழி இருக்கிறது. வேப்பம்பழம் விழுகிற ஆனி, ஆடியில் கொட்டையைப் பொறுக்கி, சதையைக் கழுவிவிட்டு, குழியிலேயே மூன்று நான்கு போடுங்கள். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும், அதனால் சேர்த்து வைக்காதீர்கள். நட்ட இடத்திலேயே முளைத்த மரத்தின் ஆணிவேருக்கு எந்த நர்சரிக் கன்றும் ஈடாகாது.

6. நடுவது

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு ஊரெல்லாம் மரம் நடுவார்கள். மதுரைக்கு அது பொருந்தாத நாள். அடுத்து வருவது ஆடிக் காற்று, மழை நான்கு மாதம் தள்ளி. ஆவணியில் குழியை வெட்டி ஆறப்போடுங்கள். ஐப்பசியில் மண் நன்றாக நனைந்ததும் நடுங்கள்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. இறுகிய நிலமென்றால் மூன்றடி. மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரம், கரையானுக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்தால் போதும். மக்காத சாணியைக் கொட்டினால் கரையானுக்கு நாமே விருந்து வைத்த கதைதான். கவரைக் கிழித்து எறிந்துவிட்டு நடுங்கள். சுருண்ட வேர் இருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் வெளியிலும் இருக்க வேண்டும். மேற்குப் பக்கம் ஒரு குச்சி ஊன்றி, சாக்குக் கயிற்றால் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

அப்புறம் வெள்ளாடு. சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்துவிடுங்கள். கோர்ட் வரை போய் அகற்றச் சொன்ன மரத்துக்கு இப்படியாவது ஒரு உபயோகம்.

7. முதல் இரண்டு கோடை

மரம் பிழைப்பதும் போவதும் இங்கேதான். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது கெடுதல். வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மழை நின்றதும் வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு ஒரு குடம் நிறைய. இரண்டாம் கோடையில் வாரம் ஒரு தடவை இரண்டு குடம். தண்ணீர் நிற்கக் கன்றைச் சுற்றிப் போடும் வட்டப்பாத்தியை ஒவ்வொரு வருடமும் ஓரடி அகலமாக்குங்கள், வேர் வெளியே தேடிப் போகட்டும்.

ஊரில் இல்லாதவர்களுக்குப் பானை முறை இருக்கிறது. பழைய மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகி, கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடிவிடுங்கள். நாள்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். தரைக்கு வைக்கோலோ தென்னை மட்டையோ நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போடலாம், தண்டை மட்டும் தொடாமல்.

கன்று காய்ந்த மாதிரி தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைத் தொடருங்கள், அடியிலிருந்து துளிர்க்கும். வளர்ந்த வேம்பு மழைக்காலத்தில் நுனி நுனியாகக் கருகிப் போவதை இப்போது நிறையப் பார்க்கிறோம். பூஞ்சையும், தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை அது. செத்த மரம் என்று நினைத்து வெட்ட ஆள் கூப்பிட்டுவிடுகிறார்கள். கருகிய நுனிகளை மட்டும் கழித்து எரித்துவிட்டு மாசி வரை விட்டுவையுங்கள். பெரும்பாலானவை மறுபடி தளிர்த்துவிடும்.