ஸ்காட்லாந்து மலைவெளியில் முதல் கூடாரம்: எங்கே அடிப்பது, எப்படி அடிப்பது

ஜூன் மாதக் கடைசியில் கிளாஸ்கோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, நானும் அத்தானும் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கக் கிளம்பினோம். முதல் இரவு படுதோல்வி. இரண்டாம் இரவு தூங்கிய தூக்கம் எந்த ஓட்டல் அறையிலும் எனக்கு வாய்த்ததில்லை. நடுவில் நாங்கள் செய்தது ஒன்றுதான்: கூடாரத்தைப் பிடுங்கி இருநூறு மீட்டர் மேலே கொண்டுபோய் நட்டோம். இந்தப் பதிவு அந்த இருநூறு மீட்டரைப் பற்றியது. கூடாரம் வாங்குவது, பை கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: உரிமை

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, அடுத்தவர் நிலமே ஆனாலும் வேலியில்லாத திறந்தவெளியில் யாரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும்தான். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இது கிடையாது. பதிலுக்கு நாம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்: சிறு கூட்டமாகப் போவது, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்காதிருப்பது, வீடுகளையும் பயிரையும் விட்டு விலகியிருப்பது. வண்டிக்குள் தூங்குவது இந்த உரிமையில் சேராது. லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைகளில் மட்டும் 2017 முதல், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று நாங்கள் இன்னும் வடக்கே போனோம்.

படி 2: போய்ச் சேருவது

கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மல்லேக் (Mallaig) என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏறி, கொரௌர் என்ற நிலையத்தில் இறங்குங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம். கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டர் உயரம். பொதுச் சாலையே எட்டாத நிலையம். இறங்கியதும் ரயில் சத்தம் தேய்ந்து மறையும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஓர் எச்சரிக்கை. கிரியன்லாரிக் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஓபன் ஊருக்குப் போய்விடும். நாங்கள் தவறான பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் பார்க்க வந்தவர் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு வேறு ஊரைப் பற்றியதாக இருந்திருக்கும். ஏறும்போதே பெட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: இடம் தேர்வு (நான் தோற்ற இடம்)

நிலையத்திலிருந்து அரை மணி நடையில் லாக் ஒஸியன் என்ற ஏரி. லாக் என்றாலே ஏரிதான். கரையோரம் மரங்கள், காற்று படாத ஒரு பள்ளம், மெத்தை போன்ற புல். ஊரில் வளர்ந்த எவருக்கும் இதைவிட நல்ல இடம் கண்ணில் படாது. அங்கேயே அடித்தோம்.

மாலை எட்டு மணி இருக்கும். காற்று நின்றது. அத்தான் கழுத்தைச் சொறிந்தார். பிறகு நான் காதைச் சொறிந்தேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் எங்களைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகை மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மிட்ஜ். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி. அந்த மண்ணின் கேலிக் மொழியில் அதன் பெயருக்கே குட்டி ஈ என்றுதான் பொருள். நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து வருகிறது. கடிப்பது பெண் பூச்சி மட்டும்; ஒன்று கடித்துவிட்டால் அதன் வாசனை மற்றவற்றுக்கும் பந்திக்கு அழைப்பு. ஊரிலிருந்து கொசுவலைத் துணியில் அம்மா தைத்துக் கொடுத்த தொப்பியை மாட்டினேன். கொசுவலைக் கண்ணுக்குள் இவை தாராளமாக நுழைகின்றன. நுழைந்த பிறகு வெளியேற வழி தெரியாமல் தொப்பிக்குள்ளேயே குடியிருந்தன.

அடுப்பு மூட்ட முடியவில்லை. கூடாரத்துக்குள்ளே மூட்டிவிடலாமா என்று அத்தான் கேட்டார். ஒருபோதும் கூடாது, தீயைவிட, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடுதான் ஆளைக் கொல்லும். பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தோம்.

எனவே இடம் தேடும்போது பார்க்க வேண்டியவை:

காற்று. மணிக்குப் பதினோரு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே மிட்ஜால் பறக்க முடியாது. அது ஒரு மெல்லிய காற்றுதான். ஏரிக்கரை, மரநிழல், பள்ளம் மூன்றையும் தவிர்த்து, சற்று உயர்ந்த மொட்டை மேட்டைப் பிடியுங்கள். உச்சிக்குப் போக வேண்டாம். அங்கே கூடாரமே பறந்துவிடும்.

தரை. பளிச்சென்ற பச்சைப் பாசியும், காற்றில் ஆடும் வெள்ளைப் பஞ்சுத் தலைகளும் பார்க்க அழகாக இருக்கும். இரண்டுமே அடியில் சதுப்பு என்பதற்கு அடையாளம். ஹெதர் என்ற ஊதாப்பூப் புதர் படர்ந்த இடத்துக்கு அருகே, குட்டைப் புல் உள்ள திட்டாகப் பாருங்கள்.

தண்ணீர். ஓடை அருகில் இருக்கலாம், ஆனால் மலம் கழிக்கும் குழி நீரிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சிறு கரண்டி மண்வெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள்.

படி 4: அடிப்பது

முதலில் என் பிடிவாதம் ஒன்று. வெளித்துணியை முதலில் நிறுத்தும் வகைக் கூடாரமே இந்த நாட்டுக்கு ஏற்றது. உள்ளறையை முதலில் நிறுத்தும் வகை, மழையில் நீங்கள் கம்பியோடு மல்லுக்கட்டுவதற்குள் படுக்கை நனைந்துவிடும்.

கூடாரத்தின் ஒடுங்கிய முனை காற்றைப் பார்த்திருக்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம். காற்று வரும் பக்கத்து முளைகளை முதலில் அடியுங்கள். அப்போதுதான் துணி கையை விட்டு ஓடாது. முளை, கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மேட்டில் நான் இத்தனையும் சரியாகச் செய்தேன். கயிற்றை இழுத்ததும் முளை வெண்ணெயில் குத்திய குச்சியாய் உருவிக்கொண்டு வந்தது. அங்கே தரை மண் அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கியும் மக்காமலும் படிந்த செடிகொடி, பீட் என்கிறார்கள். கையில் பிழிந்தால் டிக்காஷன் நிறத்தில் நீர் சொட்டும். நாங்கள் வந்த ரயில் பாதையைப் போட்டவர்களும் இதே தரையில்தான் தவித்தார்கள். ரானக் என்ற சதுப்புவெளியில் தண்டவாளம் அமிழாமலிருக்க, சுள்ளிக்கட்டும் மரவேரும் மண்ணும் சாம்பலும் கொட்டி, அந்த மெத்தைமேல் பாதையை மிதக்கவிட்டார்கள். 1894இல் திறந்த அந்தப் பாதை இன்றும் அப்படியேதான் ஓடுகிறது.

நமக்கும் அதே தந்திரம்தான்: பரப்பைக் கூட்டுவது. ஒரு வளையத்துக்கு இரண்டு முளைகளைக் கத்தரிக்கோல் போலக் குறுக்காக அடித்தேன், மேலே கல் வைத்தேன். நின்றது. (கிளம்பும்போது கற்களை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.) கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி முளைகளை வீட்டில் துணி காயப்போட வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் ஆங்கில ஒய் எழுத்து வடிவத்தில், ஒரு சாண் நீளமுள்ள அலுமினிய முளை வாங்குங்கள். நான் திரும்பி வந்ததும் முதலில் வாங்கியது அதைத்தான்.

படி 5: சாப்பாடு, தூக்கம்

விமானத்தில் கேஸ் குப்பி கொண்டுபோக முடியாது, கிளாஸ்கோவில் வாங்குங்கள். நெய்யும் வேண்டாம், பிரிட்டனுக்குள் பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை. புளிக்காய்ச்சல் போதும். அரிசி வேகவைத்து கேஸை வீணாக்காமல், கெட்டி அவலை வெந்நீரில் நனைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தோம். அந்தக் குளிரில் அது கல்யாண விருந்து. விறகுத் தீ மூட்டாதீர்கள். காய்ந்த பீட்டில் பற்றினால் தரைக்கடியிலேயே எரிந்துகொண்டு போகும்.

ஜூனில் சூரியன் இரவு பத்துக்கு மேல்தான் மறைகிறது, நாலரைக்கு வந்துவிடுகிறது. டார்ச் பையிலேயே கிடந்தது. கண்ணை மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணிதான் தேவைப்பட்டது.

பின்சேர்க்கை 1: எந்த மாதம் போகலாம் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். மே முதல் பாதி. மழை குறைவு, மிட்ஜ் கூட்டமும் அதற்குப் பிறகுதான் தலையெடுக்கும். ஜூன் கடைசிதான் வாய்க்கும் என்றால் பொடிக்கண் வலைத்தொப்பியும் ஸ்மிட்ஜ் பூச்சு மருந்தும் வாங்குங்கள். வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டேன், மிட்ஜ் பொருட்படுத்தவில்லை, அத்தான்தான் தள்ளிப் படுத்தார்.

பின்சேர்க்கை 2: உண்ணியைப் பற்றி எழுதாதது என் தவறு. மான்கள் திரியும் புல்வெளி அது. பேன்ட் நுனியை காலுறைக்குள் சொருகுங்கள்; தினமும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உண்ணிக் கொக்கியால், தலை அறாமல் எடுக்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்குள் கடிபட்ட இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால், லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போய் ஸ்காட்லாந்து போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தானுக்கு ஒன்று இருந்தது. காதுக்குப் பின்னால், கிளாஸ்கோ வந்த பிறகு அக்காதான் கண்டுபிடித்தாள்.