வீட்டுச் சாவி கைதவறாமல் இருக்க

இரண்டு கையிலும் பை, தோளில் தூங்கும் குழந்தை, காதில் அலைபேசி. இப்படிக் கதவைத் திறந்த நாளில்தான் பெரும்பாலும் சாவி காணாமல் போகிறது. உள்ளே நுழைந்ததும் எட்டிய இடத்தில் வைத்துவிட்டுக் கை அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறது. வைத்த நொடியில் கவனம் அங்கே இல்லாததால் அது மனதில் பதியவே இல்லை. பதியாததைப் பிறகு எவ்வளவு நேரம் யோசித்தாலும் எடுக்க முடியாது. ஆகவே ஞாபகமறதியை நொந்துகொள்வதை விட்டுவிட்டு, கைக்கு ஒரு பாதையைப் பழக்குங்கள்.

முதல் வேலை, கொக்கி அடிப்பது. கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றால் இன்னொரு அடி எடுத்து வைக்காமலே கை எட்டும் சுவர் அதற்கு ஏற்ற இடம். கதவு திறக்கும்போது மறைத்துக்கொள்ளும் சுவர் வேண்டாம். நுனி மேல்நோக்கி வளைந்த, வாய் அகன்ற கொக்கியாக இருக்கட்டும். வளையத்தைக் குறிபார்த்து மாட்ட வேண்டியிருந்தால் இரண்டே நாளில் சாவி மேசைக்குப் போய்விடும். ஒட்டும் கொக்கி சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, பூச்சோடு உரிந்து விழும்; துளையிட்டுத் திருகாணி போடுங்கள். ஆளுக்கு ஒரு கொக்கி வைத்தால் இன்னொரு வசதி, யார் வெளியே போயிருக்கிறார்கள் என்பது காலிக் கொக்கியைப் பார்த்தாலே தெரியும். கொக்கிக்குப் பதில் தட்டு வைப்பவர்கள் அதில் சாவியைத் தவிர வேறெதையும் விழவிடக் கூடாது. ரசீதும் சில்லறையும் சேர ஆரம்பித்துவிட்டால் சாவி அவற்றின் அடியில்தான் கிடக்கும்.

கொக்கியின் இடத்தில் பாதுகாப்பும் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கை விட்டாலோ, நுனி வளைந்த குச்சியை விட்டாலோ எட்டக் கூடாது; வாசலில் நிற்பவர் கண்ணில் படாமல் இருப்பது இன்னும் நல்லது. அதே சமயம், உள்ளிருந்து திறக்கவும் சாவி தேவைப்படும் கதவாக இருந்தால், புகை சூழ்ந்த இருட்டிலும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் கைக்கு அகப்பட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பீரோவுக்குள் சாவியைப் பூட்டி வைப்பது ஆபத்து.

இனி உள்ளே வரும் வரிசை. கதவருகே வருவதற்கு முன்பே சாவியைக் கையில் எடுங்கள். கை நிறையச் சுமை இருந்தால் அதை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத் திறங்கள். திறந்ததும் சாவியை உருவுங்கள், கொக்கியில் மாட்டுங்கள், அப்புறம்தான் பை உள்ளே வர வேண்டும். பையை முதலில் உள்ளே கொண்டுபோனால், சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டு இரவு முழுக்க வெளியே இருக்கும். முதல் நாளே இந்த வரிசையைப் பத்துத் தடவை வெறுமனே செய்து பாருங்கள்: வெளியே போய், திறந்து, உருவி, மாட்டி, மறுபடி வெளியே. செய்யும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனால் கை பழகுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

வெளியே போவதற்கு ஒரே ஒரு விதிதான். ஒரு கையில் சாவி, மறு கையால் கதவைச் சாத்துவது. சாவியைத் தொட்டு உணராமல் கதவை இழுக்கவே கூடாது. இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் உள்ள கதவுகளில் இதை மீறிய ஒரு நாள் போதும், வாசலில் நிற்க வேண்டியதுதான். குப்பை கொட்டவோ பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை பேசவோ இரண்டு நிமிடம் போகும்போதுதான் இது நடக்கிறது. தானாகப் பூட்டிக்கொண்டாலும் வெளியிலிருந்து சாவியைப் போட்டு ஒருமுறை பூட்டிப் பழகுங்கள். சாவி கையில் இருப்பது அப்போதே உறுதியாகிவிடும். சுருள்வில்லால் தானாக விழும் பூட்டு நாக்கைப் பல கதவுகளில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பிவிட முடியும் என்பதால், சாவியைத் திருகித் தள்ளும் தாழ்தான் உண்மையான காவல்.

தெருமுனை போனதும் “பூட்டினோமா?” என்ற சந்தேகம் வருபவர்கள், பூட்டும்போது கதவைச் சுட்டிக்காட்டி “பூட்டியாச்சு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறார்கள். கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்து செய்தது மனதில் தங்கும்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. இருபுறமும் சாவித்துளை உள்ள பல சிலிண்டர் பூட்டுகளில் (சிலிண்டர் என்பது பூட்டில் சாவி நுழையும் உருளைப் பகுதி), உள்பக்கத் துளையில் சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து போடும் சாவி வேலை செய்யாது. அப்படி உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் மாற்றுச்சாவி கையில் இருந்தும் பயனில்லை. இருபுறமும் ஒரே நேரத்தில் சாவி போட்டாலும் திறக்கும் சிலிண்டர்கள் கிடைக்கின்றன. புதிதாக மாட்டுவதாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

சாவிக்கொத்தை மெலிதாக வையுங்கள். தினமும் தேவைப்படும் மூன்று நான்கு சாவிகள் போதும். பெட்டிச் சாவியும் பீரோச் சாவியும் வீட்டிலேயே இருக்கட்டும். வளையம் 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலமுள்ள, இரண்டு சுற்று இறுக்கமான எஃகு வளையம். சுற்றுகளுக்கு இடையே நகம் சுலபமாக நுழைந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள், அன்றே மாற்றிவிடுங்கள். சாவி சத்தமில்லாமல் கழன்று விழுவது அந்த இடைவெளி வழியாகத்தான். வீட்டுச் சாவியின் தலையில் மட்டும் ஒரு ரப்பர் உறை போட்டால் இருட்டிலும் விரலுக்குத் தெரியும். வளையத்தில் முகவரி எழுதிய அட்டை கூடாது. கண்டெடுத்தவருக்குச் சாவியோடு வழியும் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். தொலைபேசி எண் மட்டும் போதும். சாவியின் தலையில் பொறித்த எண் பல பூட்டுகளில் அதன் வெட்டுகளையே குறிக்கும். அதைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுச் சாவியைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தெளிவான படம் இருந்தால் அதைப் பார்த்தே சாவி வெட்ட முடியும்.

எங்கே வைத்துக்கொண்டு போவது? எந்த இடமானாலும் ஒரே இடம். சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது விழும், கால்சட்டையின் பின்பையில் வைத்தால் உட்காரும்போது வளையும் அல்லது இருக்கையில் நழுவும். முன்பையே நல்லது, அலைபேசி அதற்கு எதிர்ப்பக்கப் பையில் இருக்கட்டும். சாவியின் பல் துணியை அரிப்பதால், மாதம் ஒருமுறை பையின் அடித்தையலில் விரல் விட்டுப் பாருங்கள். கைப்பை, முதுகுப்பை கொண்டுபோகிறவர்கள் உட்புற வளையத்தில் ஒரு முழ நீளக் கயிறு கட்டி, அதன் நுனியில் சாவியைக் கோத்துவிடலாம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் சாவி வரும். பையைக் கவிழ்த்துத் துழாவ வேண்டாம்.

மாற்றுச்சாவி இரண்டு வேண்டும், இரண்டும் வீட்டுக்கு வெளியே நம்பகமானவர்களிடம் இருக்க வேண்டும். மிதியடிக்கு அடியிலும் பூந்தொட்டியிலும் மீட்டர் பெட்டியிலும் கதவுச் சட்டத்தின் மேலும் வைப்பதைத் திருடர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எத்தனை சாவி, யார் யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாடகை வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள், முன்பு இருந்தவர்களிடம் எத்தனை சாவி தங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், உரிமையாளரிடம் பேசி சிலிண்டரை மாற்றிவிடுவது நல்லது.

பிரதி எடுக்கும்போது பூட்டோடு வந்த முதல் சாவியைக் கொடுங்கள். பூட்டுக்குள் இருக்கும் சிறு ஊசிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்குவதுதான் சாவிப் பல்லின் வேலை, அந்த உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தேய்ந்த பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தால் தேய்மானமும் சேர்ந்து வரும், அதை ஆட்டி ஆட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும். புதுப் பிரதியை அன்றைக்கே, கதவு திறந்திருக்கும்போது, பூட்டில் போட்டுச் சோதியுங்கள்.

சாவி இறுகினால் கையில் கிடைக்கும் எண்ணெயை விடாதீர்கள். முதல் வாரம் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகும். மென்மையான பென்சிலின் கரியைச் சாவிப் பல்லில் தேய்த்து ஐந்தாறு தடவை போட்டு எடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டுக்கு இது ஒத்துவராது, கரியும் எண்ணெயும் சேறாகிவிடும். கதவு இறங்கித் தாழ் சட்டத்தில் உரசும்போதும் சாவி இறுகும். கதவைக் கொஞ்சம் தூக்கியோ இழுத்தோ பிடித்தால் சுலபமாகத் திரும்பினால் கோளாறு கீலில் இருக்கிறது, பூட்டில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் பலமாகத் திருகிக்கொண்டே இருந்தால் சாவி கழுத்தில் முறியும். முறிந்த துண்டை மீதித் துண்டால் குத்தாதீர்கள், இன்னும் உள்ளே போகும். கூர்மூக்குக் குறடால் பிடிக்க முடியாவிட்டால் பூட்டுக்காரரை அழையுங்கள்.

அடிக்கடி தொலைப்பவர்களுக்கு, சாவி வளையத்தில் மாட்டி அலைபேசியால் தேடும் சிறு ப்ளூடூத் வில்லை உதவும். வீட்டுக்குள் எங்கே என்று ஒலியெழுப்பிக் காட்டும். அலைபேசியின் ப்ளூடூத் எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும், சுவர்கள் இருந்தால் அந்தத் தூரம் குறையும். பலவற்றில் சி.ஆர்.2032 பொத்தான் மின்கலம் இருக்கும். ஆண்டுக்கொரு முறை மாற்றும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பழைய மின்கலம் குழந்தை வாயில் போடும் அளவுதான், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கழற்றியதும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

காணவில்லையா? முதலில் பூட்டிலேயே பாருங்கள். அடுத்து நேற்று உடுத்திய உடை, துவைக்கப் போட்ட கூடை, வாங்கி வந்த சாமான் பைகள், சாமானோடு எடுத்து வைத்த குளிர்பெட்டி. பிறகு வழக்கமான இடத்தைச் சுற்றி ஒரு முழம், தரையும் உட்பட. பார்த்த இடத்தையே மறுபடி பார்க்காமல் ஒவ்வோர் அறையையும் முடித்துவிட்டு நகருங்கள். வெளியே தொலைந்திருந்தால், முகவரி தெரியும் எதனுடனாவது போயிருக்கிறதா என்று யோசியுங்கள். அடையாள அட்டையுள்ள கைப்பையோடு போயிருந்தால் அன்றிரவே சிலிண்டரை மாற்ற வேண்டும். அதுவரை வீட்டில் ஒருவர் இருந்து உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றியபின் பழைய சாவிகளை எல்லோர் கொத்திலிருந்தும் கழற்றிவிடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இருட்டில் யாராவது அதையே நுழைத்துத் திருகிப் புதுப் பூட்டையும் கெடுப்பார்கள்.